கண்ணெதிரே கழற்று!

ரிச்சி தெருவுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை. உறவு! மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பி முப்பது அடி நடப்பதற்குள் பத்துப் பேராவது தம்பி முறை கொண்டாடி விடுகிறார்கள்.

"அண்ணா, வாங்கண்ணா! டிஸ்ப்ளேவா, பேட்டரியா?"

"பாஸ், என்ன மாடல் பாஸ்? சொல்லுங்க, பார்த்துக்கலாம்!"

"சார்... டெம்பர் ஒட்டணுமா சார்? உள்ளே வாங்க, ஃபேன் காத்துல உக்காருங்க!"

சொந்தத் தம்பிகூட ஊரிலிருந்து இவ்வளவு பாசமாகக் கூப்பிட மாட்டான். சட்டைப் பையில் இருக்கிற போனை லேசாகத் தொட்டுப் பார்த்தால் போச்சு. எக்மோர் வாசலில் பெட்டியோடு இறங்கியவனை ஆட்டோக்காரர்கள் சூழ்ந்த கதைதான்.

தெரியாதவர்களுக்காக: ரிச்சி தெரு இருப்பது அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே. பழைய ஆட்களிடம் கேஸினோ தியேட்டர் பக்கம் என்றால் புரியும். 2019-ல் மெட்ரோ வந்த பிறகு கவர்ன்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்து விடலாம். பறக்கும் ரயில் ஆசாமிகளுக்கு சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன். பெயர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று அக்கம்பக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரிச்சி தெரு என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். மீனாட்சி கோயில் என்றால் சொக்கநாதரும் சேர்த்திதானே! ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் விடாதீர்கள். பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும்.

சிந்தாதிரிப்பேட்டைக்கே ஒரு கதை உண்டு. 1734-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், நெசவாளர்களைக் குடிவைப்பதற்காக உண்டாக்கிய ஊர். சின்னத் தறிப் பேட்டைதான் வாய்மொழியில் உருண்டு புரண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். அன்றைக்கு அறுந்த நூலை முடிச்சுப் போட்டு ஒட்டினார்கள். இன்றைக்கு அதே பேட்டையின் ஓரத்தில், தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து போன் போர்டில் ஒட்டுகிறார்கள். தறி போய்விட்டது, தொழில் புத்தி போகவில்லை.

ரேடியோ வால்வு, ஆம்ப்ளிஃபயர், டேப் ரிக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர் என்று காலத்துக்கேற்ப வேஷம் மாற்றிக் கொண்ட தெரு இது. இப்போது கதாநாயகன் செல்போன். ஆறடிக்கு எட்டடி கடைகள். ஒரு ஷட்டருக்குள் மூன்று கடை, மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை, அந்தக் கடையின் கதவுக்குப் பின்னால் இன்னொரு கடை!

நமக்கு எழுகிற கேள்வி இதுதான். இத்தனை பேர் ஒரே தொழிலை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, இதில் ஒரு சின்னக் கடைக்காரனிடம் மட்டும் கூட்டம் எப்படி வருகிறது? பக்கத்துக் கடைக்காரன் ஏன் ஈ ஓட்டுகிறான்?

பி.காம். படித்த பாவத்துக்கு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரிச்சி தெரு வாடகையெல்லாம் கணக்குக்குள் அடங்காது. நம் பேட்டையில், பஸ் ஸ்டாப் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன ரிப்பேர் கடை என்று வைத்துக் கொள்ளுங்கள். வாடகை, கரன்ட், கையாளாக ஒரு பையன், எல்லாம் சேர்த்து மாசம் 30,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 25,000. ஆக 55,000. மாசத்தில் 26 நாள் கடை திறந்தால் தினம் 2,115 ரூபாய் நிகரமாக நிற்க வேண்டும். உதிரி பாகத்தின் விலை போக ஒரு வேலைக்குச் சராசரியாக 250 ரூபாய் நிற்கிறது என்றால், தினம் ஒன்பது பேர் வர வேண்டும். வருஷத்துக்கு 2,808 பேர்!

கணக்கின் விஷமம் இதற்கப்புறம்தான். இட்லிக் கடைக்கு வந்தவன் நாளைக் காலையும் வருவான். பசி தினம் வரும். போன் தினம் உடையாதே! ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம். அப்படியென்றால் இந்தக் கடைக்குத் தேவை ரோட்டில் போகிற கூட்டம் இல்லை. 'உடைந்தால் அவன்கிட்டதான் போகணும்' என்று மனதில் எழுதி வைத்திருக்கிற ஏறக்குறைய 2,800 பேர். அந்த எழுத்தை எந்த பெயின்ட்டரும் எழுதித் தர மாட்டான்.

கடைக்காரர்கள் செய்து பார்க்காத வித்தை இல்லை. வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடுவது முதல் வித்தை. அடுத்தது ஓடுகிற எழுத்து போர்டு. '10 நிமிடத்தில் டிஸ்ப்ளே' என்று சிவப்பு எழுத்து ஓடும். அதைப் படித்து முடிக்கவே பத்து நிமிஷம் ஆகும்! மூன்றாவது, டெம்பர் கிளாஸ் தூண்டில். டெம்பரை அடக்க விலைக்கே ஒட்டிக் கொடுப்பார்கள். போன் வருஷத்துக்கு ஒரு தடவை உடையும், டெம்பர் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை உடையும் அல்லவா? ஆளைப் பழக்கி வைக்கும் உபாயம். இது கொஞ்சம் புத்திசாலித்தனம்தான். நான்காவது, கூகுள் மேப்பில் நட்சத்திரம் வாங்குவது. "அண்ணா, அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போங்கண்ணா" என்று போனைத் திருப்பித் தரும்போதே கேட்கிறார்கள். மச்சினன், மாமா பையன் எல்லாம் போட்ட நட்சத்திரத்தில் சில கடைகள் பால்வீதி மாதிரி மின்னுகின்றன.

இத்தனை இருந்தும் கூட்டம் நின்ற கடை ஒன்றைக் கண்டேன். கூப்பிட ஆள் இல்லை. போர்டு பெயின்ட் உதிர்ந்தது. என் போனுக்கு பேட்டரி மாற்ற வேண்டியிருந்ததால் நானும் நின்றேன். ஒரு மணி நேரம். கால் வலித்தது. ஆனால் கதை கிடைத்தது.

மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் விபூதி, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு பாட்டி வந்தார். சார்ஜ் ஏறவில்லையாம். "வேற கடைல கேட்டேம்பா, போர்டு மாத்தணும், எண்ணூறு ஆகும்னான்" என்றார். மாஸ்டர் போனை அணைத்தார். மரப் பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்து சார்ஜர் ஓட்டைக்குள் மெல்ல நெம்பினார். சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒரு உருண்டை வந்தது. இடுப்புப் பையில் வைத்து வைத்துச் சேர்ந்த நூலும் தூசியும்! ஓட்டையின் அடியில் அது கெட்டியாகிப் போனால் பின் முழுசாக உள்ளே இறங்காது. சார்ஜரைச் செருகினார். மின்னல் குறி வந்தது.

"எவ்வளவுப்பா?"

"பஞ்சுக்கு எவ்வளவும்மா வாங்கறது? போய்ட்டு வாங்க."

பாட்டி போய்விட்டார். நம் கணக்குப்படி இது நஷ்டம். ஆனால் அடுத்த அரை மணியில் ஒரு இளைஞன் உடைந்த டிஸ்ப்ளேயோடு வந்து நின்றான். "பாட்டி அனுப்பிச்சாங்க!" என்றான். பல்குத்தும் குச்சியின் முதலீட்டுக்கு இப்படி ஒரு வட்டி எந்த பாங்க்கும் தராது.

பேரனிடம் மாஸ்டர் பேசிய பேச்சு அதைவிட ருசி. "மூணு விலை இருக்கு தம்பி. ஒரிஜினல் போட்டா இவ்வளவு. காப்பி போட்டா பாதிதான். ஆனா காப்பி எல்.சி.டி.ல வரும். கலர் மங்கலா இருக்கும், கொஞ்சம் தடியா நிக்கும். உன் போன்ல ரேகை வைக்கிறது ஸ்க்ரீனுக்கு அடியிலதானே? அது வேலை செய்யாது. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன். மூணாவது, உள்ளே டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்கு, மேல் கண்ணாடி மட்டும்தான் போயிருக்கு. கண்ணாடி மட்டும் மாத்தலாம். ஆனா சூடு பண்ணிப் பிரிக்கணும், பிரிக்கறப்ப டிஸ்ப்ளே போனாலும் போகும். நீ சொல்லு."

பேரன் யோசித்தான். கடையில் நின்ற ஏழு பேரும் கூடவே யோசித்தோம். கடைசியில் ஒரிஜினலே போடச் சொன்னான். மாஸ்டர் மேஜை விளக்கை இழுத்து, எங்கள் பக்கம் பார்த்து உட்கார்ந்து, எங்கள் கண்ணெதிரே கழற்றினார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் காந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். வேலை முடிந்ததும் பழைய டிஸ்ப்ளேயைக் காகிதத்தில் சுற்றி அவன் கையிலேயே கொடுத்தார். "உன்னோடது, நீயே வச்சுக்க" என்று பில்லையும் நீட்டினார். பில்லில் என்ன தரம், எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதியிருந்தது.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்பீர்கள். பழைய நாளில் அதிசயம் இல்லைதான். 1995-ல் நம் நாட்டுக்கு செல்போன் வந்தபோது ஒரு நிமிஷப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை வாங்கினார்கள். வருகிற காலுக்கும் காசு! மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய காலம். 2003-ல் இன்கமிங் இலவசம் ஆயிற்று. அதே வருஷம் நோக்கியா 1100 வந்தது. அதன் முதுகைக் கட்டை விரலால் தள்ளினால் திறந்து கொள்ளும். பேட்டரியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி போட்டால் பாதி வியாதி போய்விடும். வீட்டுக்கு வீடு மெக்கானிக்!

இப்போது வருகிற போனுக்குக் கதவே இல்லை. பசை போட்டு ஒட்டி விடுகிறார்கள். சூட்டுத் தட்டில் வைத்து, மெல்லிய தகட்டைச் செருகித்தான் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொந்தக்காரனுக்கே தெரியாது. போதாததற்கு அதே போனில்தான் பாங்க் கணக்கு, யூ.பி.ஐ., குழந்தையின் முதல் பிறந்த நாள் போட்டோ, ஆபீஸ் கடிதம், அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம். டாக்டரிடம் கொடுக்கிற உடம்பைவிட இதைக் கொடுக்கத்தான் பயமாக இருக்கிறது. கவுன்ட்டரில் நிற்கிறவன் "எவ்வளவு ஆகும்?" என்று வாயால் கேட்கிறான். "என்ன பண்ணுவே?" என்று வயிறு கேட்கிறது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் கடைகள் தெரு முழுக்க. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிற கடையில்தான் கூட்டம்.

அன்று என் பக்கத்தில் நின்றிருந்தவர் வாடிக்கையாளர் இல்லை. அரக்கோணத்திலிருந்து உதிரி பாகம் வாங்க ரயிலில் வந்த இளைஞர். ஊரில் பஸ் ஸ்டாண்டு எதிரே சொந்தக் கடையாம். முன்பு அந்த வரிசையில் ஒரே ரிப்பேர் கடை, இப்போது நாலு. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஆரம்பித்த கடை. மூன்று மாசமாக வாடகை, அட்வான்ஸிலிருந்து கழிகிறது. சங்கிலிக்கு வட்டி தனியாக ஓடுகிறது. தோளில் மாட்டியிருந்த பையைவிட முகம் கனமாக இருந்தது.

"அண்ணே, ஓடற எழுத்து போர்டு ஒண்ணு வாங்கிட்டுப் போலாம்னு காசு கொண்டாந்திருக்கேன்" என்றார் மாஸ்டரிடம். "பக்கத்துக் கடைல மாட்டியிருக்கான். எங்க பார்த்தாலும் தெரியுது."

மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தம்பி, உன் கடைல நீ எந்தப் பக்கம் பார்த்து உக்காந்து வேலை செய்யறே?"

"செவுத்தப் பார்த்துண்ணே. பிளக் பாயின்ட் அங்கதான் இருக்கு."

"அப்ப வர்றவனுக்கு உன் முதுகுதான் தெரியும். முதுகை நம்பி எவன்பா போனைக் குடுப்பான்? முதல்ல மேஜையைத் திருப்பு."

எம்.பி.ஏ. படிப்புக்கு லட்சம் லட்சமாகக் கொட்டுகிறார்கள். இங்கே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விலையில் பாடம் முடிந்து விட்டது!

அப்புறம் மாஸ்டர் வேலை செய்து கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். போனை வாங்கும் முன் சிம், மெமரி கார்டை ஆளையே எடுக்கச் சொல்லு. லாக் நம்பரைக் கேட்டு எழுதி வைக்காதே. டச் சரியா இருக்கா, கேமரா ஓடுதா என்று அவனே திறந்து பார்த்துக் கொள்ளட்டும். சில சாம்சங் போன்களில் 'மெயின்டனன்ஸ் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் ரிப்பேர்காரன் போட்டோ, மெசேஜ் எதையும் பார்க்க முடியாது. அதை வாடிக்கையாளருக்கு நீயே கற்றுக் கொடு. "என்னை நம்பாதேன்னு நீயே சொல்லிக் குடுத்தா, உன்னைத்தான் நம்புவான்."

தண்ணீரில் விழுந்த போன் வந்தால்? "அரிசிக்குள்ள வச்சிட்டு மூணு நாள் கழிச்சுக் கொண்டு வருவாங்க. அதுக்குள்ள உள்ளே பச்சை பூத்துடும். விழுந்த உடனே அணைச்சு, சார்ஜ் போடாம, அன்னிக்கே கொண்டாரச் சொல்லி போர்டுல எழுதி வை." அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் சொல்லிவிட்டது. அரிசித் தூள் ஓட்டைக்குள் போனால் அது வேறு ஒரு ரிப்பேர். போனும் பிழைக்காது, அந்த அரிசியைப் பொங்கவும் மனசு வராது.

திருட்டுப் போன் விஷயத்தில் மட்டும் மாஸ்டரின் குரல் இறுகியது. "லாக் உடைச்சுக் குடுன்னு வருவான். காசு நிறைய காட்டுவான். தொடாதே." தொலைந்த போனை நாடு முழுக்க முடக்கும் வசதி 2023 மே மாசம் முதல் இருக்கிறது. ஸ்டார் ஹேஷ் பூஜ்யம் ஆறு ஹேஷ் அழுத்தினால் வருகிற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பரை அரசாங்கத்தின் 'சஞ்சார் சாதி' தளத்தில் தட்டினால், அந்த போன் முடக்கப்பட்டதா என்று தெரிந்து விடும். பழைய போன் வாங்கி விற்கிற கடைக்காரன் ஒரு நிமிஷம் இதைப் பார்க்காமல் விட்டால், வாடிக்கையாளருக்குப் பதிலாக போலீஸ்காரர் வந்து நிற்பார். ஐந்து வருஷம் சேர்த்த பெயர் ஐந்து நிமிஷத்தில் போய்விடும்.

"எல்லாம் சரிண்ணே, ரிப்பேர் ஆகாத கேஸ் வந்தா?" என்றார் அரக்கோணத்துக்காரர்.

"ஆகாதுன்னு சொல்லு. பிரிச்சுப் பார்த்ததுக்கு மட்டும், முன்னாடியே சொன்ன காசை வாங்கு. இந்தப் பழைய போனுக்கு இவ்வளவு செலவு வேணாம், புதுசு வாங்கிக்கோன்னு ஒருத்தன்கிட்ட சொல்லிப் பாரு. அந்தப் புதுசு உடைஞ்சா நேரா உன்கிட்டதான் வருவான்."

ரிப்பேர் செய்து கொள்வது வாடிக்கையாளரின் உரிமை என்று டில்லியில் 2022 டிசம்பரில் ஒரு தளமே திறந்தார்கள். கம்பெனிகள் சர்வீஸ் விவரம், உதிரி பாக விவரம் எல்லாம் அதில் தர வேண்டும் என்பது நோக்கம். நல்ல காரியம். இன்னொரு பக்கம், பழையதைக் கொடுத்துப் புதுசு வாங்கு என்று தவணையைக் காட்டிக் கூப்பிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, பஸ் ஸ்டாண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் சின்னக் கடைக்காரனுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அவனுடைய மேஜை. அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதில்தான் சங்கிலி மீள்வதும் மூழ்குவதும்.

என் பேட்டரி மாறியது. பழையது லேசாக உப்பியிருந்தது. "இதைக் குப்பைல போடாதீங்க, குத்தாதீங்க. தீப்பிடிக்கும். இங்கயே குடுங்க, தனியா சேர்த்து அனுப்பிடுவோம்" என்று மாஸ்டர் வாங்கி வைத்துக் கொண்டார். உத்தரவாதச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக் கொண்டு வெளியே வந்தேன்.

நரசிங்கபுரம் தெரு முனையில் அரக்கோணத்துக்காரரை மறுபடி பார்த்தேன். கையில் அட்டைப் பெட்டி. ஓடுகிற எழுத்து போர்டோ என்று பார்த்தேன். இல்லை. சின்னத் திரை வைத்த மைக்ராஸ்கோப்!

"திரையைக் கஸ்டமர் பக்கம் திருப்பி வச்சிடுவேன் சார். உள்ளே என்ன நடக்குதுன்னு அவங்களே பார்த்துக்கட்டும்" என்றார். "பஸ்ஸுக்கு நிக்கிறவன்கூட வேடிக்கை பார்க்க வருவான் இல்ல?"

வருவான். நம் ஊரில் பள்ளம் தோண்டினாலே பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். போனுக்குள்ளே தோண்டினால் சும்மா விடுவார்களா? பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக் கொண்டு, சென்ட்ரல் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

அரக்கோணம் பக்கம் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு தடவை எட்டிப் பாருங்கள். எந்தக் கடையில் கடைக்காரரின் முகம் தெரிகிறதோ, அந்தக் கடை!